வேடந்தாங்கலுக்கு இருபது பேர் போகிறீர்களா? ஒரு மரத்தின் முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள்

கேள்வி இதுதான்: "எங்கள் குடியிருப்பிலிருந்து பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபது பேர் ஜனவரியில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறோம். யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. எப்போது போவது, எதைக் கொண்டுபோவது, எந்தப் பறவையை எப்படி அடையாளம் காண்பது? இத்தனை பேரை வைத்துக்கொண்டு உருப்படியாகப் பார்க்க முடியுமா?"

தாராளமாக முடியும். பல ஆண்டுகளாகச் சின்னதும் பெரியதுமாக நிறையக் குழுக்களோடு அந்த ஏரிக்கரையில் நடந்திருக்கிறேன். இருபது பேர் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது பறவைகளின் பெயரை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற கணக்கோடு போகாதீர்கள். வேடந்தாங்கல் அதற்கான இடமில்லை. அது ஒரு பிரசவ விடுதி, குழந்தை வளர்க்கும் வீடு. கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது, அடுத்த கூட்டுக்காரனோடு குச்சிக்குச் சண்டை போடுவது என்று ஒரு குடும்பத்தில் நடக்கிற எல்லாமே அங்கே கண் முன்னால் நடக்கும். அதைப் பார்க்க நடக்க வேண்டாம், உட்கார வேண்டும். ஒரே ஒரு மரத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்த குழுதான் மறுபடியும் வருகிறது. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

முதலில் இடத்தைப் பற்றி. செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிற சுமார் 30 ஹெக்டேர் பாசன ஏரி அது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். ஏரிக்குள் தண்ணீரில் நின்றபடியே வளரும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் உண்டு. பறவைகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மரங்கள்தான் முக்கியக் காரணம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது பூனை, நரி, கீரி எதுவும் மரத்தில் ஏறி முட்டையைத் தின்ன முடியாது. தண்ணீர் வற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால்தான் மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் வந்து பார்த்துவிட்டுக் கூடு கட்டாமல் போய்விடுகின்றன.

அடுத்து, நீங்கள் போய்ச் சேருவதற்குள் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லப்போகிற ஒரு விஷயம்: "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து முட்டையிட வருகிற பறவைகள்." இதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து நாட்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருப்பவை. வட ஆசியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிற பறவைகளும் இங்கே உண்டு. ஊசிவால் வாத்து, சேற்றுப் பூனைப்பருந்து, சில உள்ளான் வகைகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. பசியாறி, உடம்பைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிப் போய்த் தங்கள் ஊரில்தான் முட்டையிடும். அதாவது ஒரே ஏரியில் குடியிருப்பவர்களும் விருந்தாளிகளும் சேர்ந்து இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஏரி புரிந்த மாதிரி.

ஜனவரி நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான் கூடு கட்டும் வேலை சூடுபிடிக்கும். நவம்பரில் போனால் குச்சி சுமக்கும் பறவைகளைப் பார்க்கலாம். ஜனவரியில் ஒரு மரத்தில் அடைகாத்துக்கொண்டிருக்கும், பக்கத்து மரத்தில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். பிப்ரவரி கடைசிக்குள் நிறையக் குஞ்சுகள் பறக்கப் பழகிவிடும். எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசி வாரம்தான். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று அந்தக் கரையில் நிற்கவே இடம் இருக்காது. வார நாளில் போக முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் இரண்டு முறை ஏரிக்குப் போகிற மாதிரித் திட்டமிடுங்கள். விடியற்காலை நாலு, நாலரைக்கு சென்னையை விட்டுக் கிளம்பினால் ஆறரைக்கு, சூரியன் எழும் நேரத்தில் கரையில் இருக்கலாம். செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுச்சாலையில் திரும்பினால் வழி நெடுக வயல்தான். ஒன்பதரை, பத்து வரை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நடுப்பகலில் வெளிச்சம் தட்டையாக விழும், தண்ணீர் கண்ணைக் கூசும், பிள்ளைகளும் சோர்ந்துபோவார்கள். மறுபடியும் மூன்றரைக்கு உள்ளே போங்கள். காலையில் பார்த்ததெல்லாம் முன்னுரை என்று தோன்றும் அளவுக்கு மாலை இருக்கும். எந்த நேரமானாலும் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பார்த்து உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

இருபது பேரும் ஒரே கூட்டமாக நடக்க வேண்டாம். ஐந்து ஐந்து பேராக நான்கு குழுக்கள் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லாமல், பொறுமையான ஒரு பெரியவரைத் தலைவராகப் போட்டுவிடுங்கள். அவருக்குப் பறவை தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தால் போதும். குழுக்களுக்கு இடையில் ஐம்பது, அறுபது அடி இடைவெளி இருக்கட்டும். ஒரு குழு பார்த்ததை இன்னொரு குழுவுக்குச் சொல்ல ஓடிப்போக வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். பத்து மணிக்கு வெளியே வந்து சாப்பிட உட்காரும்போது பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சுதான் இந்தப் பயணத்தின் பாதிச் சந்தோஷம்.

பைனாகுலர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் முறை வருகிறவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இதில்தான். ஆளுக்கொன்று தேவையில்லை, ஐந்து பேருக்கு ஒன்று அல்லது இரண்டு இருந்தால் போதும். அதன் மேல் 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பறவை பார்க்க அதுவே போதுமானது. பெரிதாகத் தெரியட்டும் என்று பன்னிரண்டு, பதினாறு மடங்கு எடுத்தால் கை நடுங்குவதும் அதே அளவு பெரிதாகிவிடும், பார்வை விழும் பரப்பும் குறைந்துபோகும். பறவையைத் தேடுவதற்குள் அது பறந்துவிடும்.

வாங்கியதும் அல்லது இரவல் வாங்கியதும் வீட்டு மாடியில் பழகிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி வையுங்கள். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண் பக்கம் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருகி அதையும் தெளிவாக்குங்கள். இனி அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம், நடுச்சக்கரம் ஒன்றே போதும். ஆனால் அது ஒருவர் கண்ணுக்கான அளவு. கை மாறினால் அடுத்தவர் தன் கண்ணுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடக் கூடாது. வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து முறை பழகினால் கைக்கு வந்துவிடும். சூரியனை அதன் வழியாகப் பார்க்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் ஒருமுறைக்கு இரண்டு முறை சொல்லிவிடுங்கள். கண் பார்வையே போய்விடும்.

"அதோ, அதோ பார்" என்று கை நீட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கே நூறு மரம், ஆயிரம் பறவை. அதனால் ஒரு பொது அடையாளத்தை முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இரட்டை மரம், இடது பக்க மரத்தின் உச்சி, அங்கிருந்து இரண்டு கிளை கீழே" என்று சொல்லிப் பழகுங்கள். இல்லையென்றால் மரத்தையே கடிகாரமாக எண்ணிக்கொண்டு "மூன்று மணிக்கு நேராக" என்று சொல்லலாம். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இனி பறவைகள். பெயரைத் தேடுவதற்கு முன்னால், பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் மூன்றும் கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். கொக்கு இனம் முழுவதும் கழுத்தை மடித்துத் தோளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். தூரத்தில் வெள்ளையாக ஒன்று போகிறது என்றால், இந்த ஒரு குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சாம்பல் நாரை என்று நாம் கூப்பிடுகிற பறவை உண்மையில் கொக்குக் குடும்பம். பெயர்தான் நாரை, பறப்பது கழுத்தை மடித்துக்கொண்டு.

கரையிலிருந்து முதலில் கண்ணில் படுவது மஞ்சள் மூக்கு நாரைதான். சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். மரத்தின் உச்சியில் கூடு, நீண்ட மஞ்சள் அலகு, இறகில்லாத ஆரஞ்சு நிற முகம், மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலுக்கு மேலே ரோஜா நிற இறகுகள். உங்கள் ஒரு மணி நேரத்தை இந்தப் பறவையின் கூட்டுக்குக் கொடுங்கள் என்பேன். வளர்ந்த பறவைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம், அலகைத் தட்டித்தான் சத்தம் எழுப்பும். குஞ்சுகள் அதற்கு நேர்மாறு. தாயோ தகப்பனோ தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே மொத்தக் கூடும் கத்தத் தொடங்கும். வந்த பறவை கூட்டின் ஓரத்தில் கால் ஊன்றி, இறக்கையை மடக்கி, ஒரு நிமிடம் சும்மா நிற்கும். குஞ்சுகள் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சும். பிறகு அது குனிந்து, தொண்டையிலிருந்து மீனைக் கூட்டின் தரையில் கக்கும். வாயில் ஊட்டுவதில்லை. கீழே விழுந்ததைக் குஞ்சுகள் போட்டி போட்டு எடுத்து விழுங்கும். பெரிய குஞ்சு முதலில், சின்னது கடைசியில்.

பத்து மணி வெயில் ஏறியதும் அதே கூட்டை இன்னொரு முறை பாருங்கள். தாய்ப்பறவை சூரியனுக்கு முதுகு காட்டி, இரண்டு இறக்கையையும் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு பாட்டி, கால் வலிக்கிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து கேட்டால், "நீங்க போனதிலிருந்து அது கையை இறக்கவே இல்லப்பா" என்றார். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவர் அவர்தான்.

அடுத்து நத்தைகுத்தி நாரை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து, பாக்குவெட்டி மாதிரி உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேல் அலகால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூரிய நுனியை ஓட்டின் மூடிக்குள் நுழைத்து, உள்ளே பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை அப்படியே உருவி எடுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் முழுதாகவே கிடக்கும். இத்தனையும் தண்ணீருக்குள் நடப்பதால் நமக்குத் தலை அசைவது மட்டும்தான் தெரியும். இளம் பறவைக்கு அலகில் இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கூட்டில் அலகு ஒழுங்காக மூடியிருக்கும் ஒன்றைப் பார்த்தால் அது இந்த ஆண்டுக் குஞ்சு.

வெள்ளை உடம்பு, வழுக்கையான கறுப்புத் தலை, வளைந்த கறுப்பு அலகு என்றால் வெள்ளை அரிவாள் மூக்கன். பெயரே அடையாளம். கரண்டிவாயனும் அப்படித்தான், தட்டையான அலகின் நுனி அகன்று அகப்பை மாதிரி இருக்கும். தலையைத் திருப்பித் தூங்கும்போது மட்டும் கொக்கு என்று ஏமாந்துபோவோம். கூழைக்கடாவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை கனமான பறவை அந்த மெல்லிய கிளையில் எப்படிக் கூடு கட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பக்கத்துப் பக்கத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இறகு நனையும். நனைந்தால் உடம்பு எளிதில் தண்ணீருக்குள் மூழ்கும், மீனைத் துரத்த அது வசதி. அதற்குத்தான் கரையேறியதும் இந்த உலர்த்தல். அலகைப் பாருங்கள்: நீர்க்காகத்துக்கு நுனியில் கொக்கி, பாம்புத்தாராவுக்கு ஈட்டி. ஒன்று கவ்விப் பிடிக்கும், மற்றது குத்திப் பிடிக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போய், கழுத்து மட்டும் வெளியே நெளிந்து நெளிந்து வரும். குழுவில் யாராவது "பாம்பு" என்று சொல்வார்கள். தவறே இல்லை, பெயர் வந்ததே அதனால்தான்.

கொக்குகளில்தான் எல்லோரும் குழம்புவார்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், கால்விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாடு மேயும் இடத்தில் குட்டையான மஞ்சள் அலகோடு நடந்தால் உண்ணிக்கொக்கு. கழுத்து மிக நீளமாக, நடுவில் ஒரு மடிப்போடு நின்றால் பெரிய கொக்கு. மீதியை இந்த முறைக்கு விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மட்டத்தைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். கறுப்பு உடம்பில் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, சட்டென்று மூழ்கி வேறெங்கோ எழும் முக்குளிப்பான், கரையோரத்தில் மீன்கொத்தி. மனிதனைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஆட்காட்டி. அது கத்தத் தொடங்கிவிட்டால் நீங்கள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கிவிடுங்கள். அது தரையில்தான் முட்டையிடும்.

சத்தத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு குழுவில் ஒருவர், பறவைகள் கூட்டமாகப் பறப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று பலமாகக் கைதட்டினார். கரைக்கு அருகில் இருந்த மரத்திலிருந்து நீர்க்காகங்கள் எழுந்தன. கிளை மறைவில் உட்கார்ந்திருந்த ஓர் அண்டங்காக்கை இரண்டே எட்டில் கூட்டுக்கு வந்து, ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. நீர்க்காகம் திரும்பி வந்து, மிச்சமிருந்ததை அலகால் உருட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தது. கைதட்டியவர் அதைப் பார்க்கவில்லை, கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள். அன்றைக்கு மீதிப் பொழுது முழுவதும் அவர்களை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஆகவே கைதட்டல், விசில், கல்லெறிதல் எதுவும் கூடாது. அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், கூட்டில் இருக்கும் பறவைக்கு அது எதிரியின் குரல். ஃபிளாஷ் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து மங்கலான நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், உட்கார ஒரு துண்டு போதும். சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள். கரையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் காகங்கள் கூடும், அவை அடுத்துப் போவது கூட்டுக்குத்தான்.

பிள்ளைகளுக்கு இந்த ஊரின் கதையையும் சொல்லிக் கூட்டிப்போங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே யாரும் வேட்டையாடக் கூடாது என்று 1798இல் ஊருக்கு ஒரு கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதிப் பத்திரம், எழுதிக்கொடுத்தார். 1858இல் அதை மறுபடியும் கேட்டுப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். சரணாலயம் என்ற சொல்லெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது இது. அவர்கள் கேட்டதில் விவசாயியின் கணக்கும் இருந்தது. மரத்தில் ஆயிரக்கணக்கில் தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. எரு போடாமலே பயிர் பச்சை கட்டுகிறது. பறவை போனால் விளைச்சலும் போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. எனக்கு என்னவோ அந்தப் பழைய கவுல்தான் பெரிய சான்றிதழாகத் தெரிகிறது.

அந்த வயல்களைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தது முழுமையாகாது. இத்தனை குஞ்சுகளுக்கும் தேவையான மீனும் நத்தையும் முப்பது ஹெக்டேர் தண்ணீரில் கிடைக்காது. ஏரி படுக்கையறை என்றால், சுற்றியிருக்கும் வயலும் குளமும் பக்கத்து ஏரிகளும்தான் சமையல்கட்டு. அதனால் பத்து மணிக்கு வெளியே வந்து சாப்பிட்டதும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கரிக்கிலிப் பக்கம் போங்கள். பத்துக் கிலோமீட்டர் தூரம்தான். நடவு வயலில் நத்தைகுத்தி நாரை இரை தேடுவதை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள், மின்கம்பியில் பனங்காடை, கரிச்சான், பஞ்சுருட்டான். கரிக்கிலியில் கூட்டம் குறைவு, தண்ணீர்ப் பரப்பில் வாத்துகள் நன்றாகத் தெரியும். குளிர்கால விருந்தாளிகளை அங்கேதான் தேட வேண்டும்.

எண்ணுவதையும் ஒருமுறை முயன்று பாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மரத்தில் பத்துப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவை மரம் முழுக்க நகர்த்தி நகர்த்தி எண்ணுங்கள். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம் அது, இப்போது நம் ஊர்ப் பறவை ஆர்வலர்கள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பார்த்த எல்லா வகையையும் எழுதுங்கள், காகத்தையும் சேர்த்துத்தான். நேரம் எவ்வளவு, நடந்த தூரம் எவ்வளவு என்பதையும் குறித்துவிடுங்கள். பெயர் தெரியாததை ஊகத்தில் எழுத வேண்டாம், "கொக்கு, வகை தெரியவில்லை" என்று போட்டாலே அது நல்ல தகவல்தான். 2015இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் யாரும் சேரலாம். வேடந்தாங்கல் வரை வர வேண்டியதுகூட இல்லை, உங்கள் குடியிருப்பு மாடியே போதும். ஏரிக்குப் போகும் முன் பழகிக்கொள்ள அது நல்ல வாய்ப்பு.

மாலைக்கு வருவோம். மூன்றரைக்கு உள்ளே போனதும் பிள்ளைகளைக் கண்காணிப்புக் கோபுரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய், ஏரி முழுவதையும் காட்டிவிட்டு இறங்கிவிடுங்கள். காலையில் பார்த்த அதே மரத்துக்கு முன்னால் மறுபடியும் உட்காருங்கள். ஐந்து மணிக்கு மேல் நாலு திசையிலிருந்தும் வரத் தொடங்கும். முதலில் இரண்டு மூன்றாக, அப்புறம் வரிசை வரிசையாக. அரிவாள் மூக்கன்கள் ஒரே கோட்டில் வரும். கூழைக்கடாக்கள் உயரத்தில் வட்டமிட்டு, இறக்கையை அசைக்காமலே இறங்கும். நாரைகள் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடைசி நொடியில் இறக்கையை விரித்துத் தடுத்துக் கூட்டின் மேல் இறங்கும். அப்போது எழும் குஞ்சுகளின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

வண்டி ஓட்டுநரிடம் ஆறு மணிக்குத்தான் கிளம்புவோம் என்று காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஐந்தரைக்கே கிளம்பிவிடும் குழுக்கள் ஒன்றைத் தவறவிடுகின்றன. எல்லாம் வந்து அடங்கிக்கொண்டிருக்கும்போது, பகலெல்லாம் கிளை மறைவில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்கிய வக்காக்கள், அதாவது இராக்கொக்குகள், ஒவ்வொன்றாக எழுந்து, கரகரவென்று ஒரே ஒரு குரல் கொடுத்துவிட்டு, உங்கள் தலைக்கு மேலேயே வயல் பக்கம் போகும். அவற்றின் சிவப்புக் கண்ணைப் பார்க்க வெளிச்சம் போதாது. அந்தக் குரலை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் இரவில் அதே குரல் மாடிக்கு மேலே கேட்கக்கூடும்.